‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய லைஃப்டைம்?

கிளையில் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் இந்தியிலும் மராத்தியிலுமாக ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இந்த கிரெடிட் கார்டு லைஃப்டைம் ஃப்ரீதானே?" நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பேன். கீழே பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளை நான் படித்திருக்கிறேன், அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது :-)

2021-இல் அதே வார்த்தையை நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. மனைவிக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது ஊர், பாஷை அரைகுறை, நான் காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, காய்கறி, பிசியோதெரபி என்று எல்லாவற்றுக்கும் அவள் தானே வண்டி ஓட்டினால்தான் உண்டு. அதனால் ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினோம். பழைய வண்டிதான். 2015 மாடல் டீசல், ஆறு கியர், 78,000 கிலோமீட்டர் ஓடியது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதல் சர்வீஸுக்கு விட்டபோது, "கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டுமா?" என்று கேட்டேன். அந்த அட்வைசர் தம்பி கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்கவில்லை. "சாப், யே தோ லைஃப்டைம் ஹை" என்றார். எனக்குச் சந்தோஷம். ஒரு செலவு மிச்சம். பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அன்றைக்குப் படிக்கவில்லை.

2023 மே மாதம். கரூரிலிருந்து அம்மாவை எங்களோடு அழைத்துக்கொண்டு நாக்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போகிற அதே தேசிய நெடுஞ்சாலை 44-தான் கரூருக்கும் போகிறது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரே சாலை. சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏற்றம், நண்பகல், ஏசி முழு வேகத்தில், நாலு பேர், டிக்கி நிறைய சாமான். மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பிறகு ஒரு உதறல். கரடுமுரடான ரோட்டில் போவதுபோல் கட கடவென்று. பின்னால் வரிசையாக லாரிகள்.

பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏன் கண்ணு, வண்டி மூச்சு வாங்கறாப்புல இருக்குது?" என்றார். எனக்குத் தெரியாததை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

ஏற்றம் முடிந்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, ஏசி இல்லாமல் மெதுவாக ஓசூர் வரை வந்தோம். அங்கே ஒரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, கொஞ்சம் ஆயிலை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "சார், இது சிவப்பா இருக்க வேண்டிய ஆயிலு. டிகாஷன் மாதிரி ஆயிருக்கு பாருங்க. கருகின வாசம். எப்ப மாத்துனீங்க?" நான் லைஃப்டைம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அது முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பி.காம். ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் படித்து, கேட்டு, லிஃப்டுக்கு அடியில் நின்று பார்த்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் உண்டு. அதை மாற்றச் சொல்லி கியர்பாக்ஸ் கேட்காது, சர்வீஸ் சென்டரும் பெரும்பாலும் சொல்லாது. நாமேதான் தேதி குறித்து மாற்ற வேண்டும். அதிலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுகிற நம்மைப் போன்றவர்கள் கட்டாயம்.

முதலில், இந்த ஆயில் என்ன செய்கிறது? எஞ்சின் ஆயிலின் முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஏடிஎஃப் என்கிற இந்தத் திரவத்துக்கு நாலு வேலை. பற்சக்கரங்கள் தேயாமல் வழுக்க விட வேண்டும். சூட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூலரில் விட வேண்டும். அழுத்தத்தைக் கடத்தி வால்வுகளையும் கிளட்சுகளையும் இயக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுசேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே, உள்ளே இருக்கும் கிளட்சுத் தட்டுகள் ஒன்றையொன்று சரியான அளவில் பிடிக்கவும் விட வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். இதுதான் அதன் சாமர்த்தியம். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்தப் பிடிமானத்துக்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தார்கள். திமிங்கிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபிறகுதான் வேறு ரசாயனக் கலவைக்கு மாறினார்கள். அவ்வளவு நுணுக்கமான சரக்கு இது.

அந்தக் கலவை சூட்டில் கெடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 45 டிகிரியைத் தாண்டுகிற நாக்பூர் மே மாதத்தில், சீதாபுல்டி நெரிசலில் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போகிற வண்டிக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூடவே கிளட்சுத் தட்டுகள் தேய்கிற தூள் அதே ஆயிலில்தான் கலக்கிறது. இதற்கு மேல் ‘ஆயுள் முழுவதும்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஓசூரிலிருந்து வந்ததும் கையேட்டை எடுத்தேன். சாதாரண உபயோக அட்டவணையில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு நேராக ‘சோதனையோ பராமரிப்போ தேவையில்லை’ என்று இருந்தது. அட்வைசர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொரு அட்டவணை, ‘கடுமையான உபயோகம்’. அதில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று போட்டிருக்கிறது. கடுமையான உபயோகம் என்றால் என்ன? அடிக்கடி குறைந்த தூரப் பயணம், நின்று நின்று போகும் நெரிசல், அதிக வெப்பம், தூசு, மலைப்பாதை. ஐயா, இது கடுமையான உபயோகம் இல்லை, இது இந்தியா! நம்மில் யார் சாதாரண அட்டவணையில் வருகிறோம்? கடன் பத்திரத்தில் முக்கியமான ஷரத்து எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் இருக்கும் என்பது தெரிந்த நானே பக்கத்தைத் திருப்பவில்லை.

இன்னொரு சாட்சி. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் உலகத்தில் பல பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அவர்களுடைய எட்டு கியர் பெட்டியை வாங்கிப் பொருத்துகிற கார் கம்பெனிகள் சில ‘லைஃப்டைம் ஆயில்’ என்கின்றன. ஆனால் பெட்டியைச் செய்த இசட்எஃப் என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் மாற்று என்கிறது. செய்தவர் மாற்று என்கிறார், விற்பவர் வேண்டாம் என்கிறார். இதில் பெரிய சதி ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் காட்டலாம். வாரண்டி முடிகிற வரை அந்த ஆயில் தாங்கும். அதற்குப் பிறகு ரிஸ்க் யார் தலையில்? கடன் கொடுக்கும்போது நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கார் விஷயத்தில் பதில்: நம் தலையில், அல்லது நம்மிடமிருந்து வாங்குகிற அடுத்தவர் தலையில்.

எப்போது மாற்றுவது? கையேட்டில் கடுமையான உபயோகத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அதிகபட்ச எல்லை. அதற்கு முன்பே மாற்றினால் நஷ்டமில்லை. டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு நகர ஓட்டமாக இருந்தால் 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி வாங்கி, முன் சரித்திரம் தெரியாவிட்டால் வாங்கிய மாதமே. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பு என்பது சேர்த்த சாயம். அது மங்கியதாலேயே ஆயில் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கருமையும் கருகின வாசமும் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து.

அறிகுறிகளுக்காகக் காத்திருப்பது தவறு. வங்கியில் தவணை தவறி 30 நாள் வரை எஸ்எம்ஏ 0, 60 நாள் வரை எஸ்எம்ஏ 1, 90 வரை எஸ்எம்ஏ 2, அதற்கு மேல் என்பிஏ. கியர் மாறும்போது லேசான தாமதம், பிறகு உதறல், பிறகு எஞ்சின் கத்தி வண்டி நகராமல் இருப்பது. இதுவும் அதே ஏணிதான். நான் தொப்பூரில் கண்டுபிடித்தபோது கணக்கு கிட்டத்தட்ட என்பிஏ.

மாற்றுவதற்கு முன் உங்களுடையது எந்த வகைப் பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை நமக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. அதில் ஏடிஎஃப் கிடையாது. மேனுவல் கியர் ஆயில், கருவிக்குத் தனி எண்ணெய், அவ்வளவே. சிவிடி என்றால் இரும்புப் பட்டையும் இரண்டு கப்பிகளும். அதற்கென்று தனித் திரவம் உண்டு. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெட்டி காலி. இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும் அதற்கு உரியதுதான். ‘எல்லாம் ஒரே ஆயில்தான் சார், ப்ராண்டு மட்டும்தான் வேற’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கையேட்டில் இருக்கிற தரக்குறியீடு டப்பாவில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இனி எப்படி என்பது. நீங்களே செய்யச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் படுக்கிற வேலை இல்லை இது. பக்கத்தில் நின்று பார்க்கத்தான் இந்தப் பட்டியல்.

1. ஆயில் ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றச் சொல்லுங்கள், வடிக்கிற பிளக்கை அப்புறம். முதலாவது துருப்பிடித்து வராமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு நடுத்தெருவில் நிற்போம்.

2. வடிந்த ஆயிலை அளவுப் பாத்திரத்தில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு புதிது உள்ளே போக வேண்டும்.

3. காந்தம் இருந்தால் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி பசை இருந்தால் சாதாரணம். கையில் உறுத்துகிற உலோகத் துணுக்குகள் இருந்தால் வேலை ஆயிலோடு முடியாது.

4. பிளக்கின் வாஷர் புதிது போட வேண்டும். கழற்றக்கூடிய ஃபில்டர் இருந்தால் அதுவும், தட்டின் கேஸ்கட்டும். சில பெட்டிகளில் ஃபில்டர் உள்ளே புதைந்திருக்கும். பெட்டியைப் பிரித்தால்தான் வரும். அதை விட்டுவிடலாம்.

5. அளவு பார்ப்பதுதான் முக்கியம். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றிவிட்டு, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்துக்கு வரும்போது பார்க்க வேண்டும். என் வண்டிக்கு 50 முதல் 60 டிகிரி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சில வண்டிகளுக்கு 40 டிகிரிக்குப் பக்கத்தில். சிலவற்றில் எஞ்சினை அணைத்த கையோடு பார்க்க வேண்டும். வெப்பத்தை ஸ்கேனரில் பார்க்காமல், கையை வைத்துப் பார்த்து "ஆச்சு சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி.

6. பழைய ஆயில் சாக்கடைக்குப் போகக் கூடாது. கழிவெண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கிற கடையாகப் பாருங்கள்.

ஒருமுறை வடித்தால் முழு ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். என் வண்டியில் ஏழு லிட்டரில் மூன்றரைதான் வந்தது. அதாவது ஒருமுறை மாற்றினால் பாதி புதிது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் 75 சதவீதம். மூன்றாவது முறை 87.5. கூட்டு வட்டி படித்தது இதற்காவது உதவியது :-) மெஷின் வைத்து ஒரே நேரத்தில் முழுவதும் மாற்றும் முறையும் இருக்கிறது. நன்றாகத் தெரிந்த கையில் அது சரிதான். நாம் புதிதாக வந்திருக்கிற ஊரில், யார் எவர் என்று தெரியாத கடையில், அதிக அழுத்தத்தில் பழைய பெட்டிக்குள் பாய்ச்ச விடுவதைவிட, மெதுவாக மூன்று முறை மாற்றுவதே எனக்கு நிம்மதி.

"பழைய பெட்டியில் புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும்" என்று ஒரு பேச்சு உண்டு. என் கதையையே அதற்கு ஆதாரமாக என் சக அதிகாரி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓசூரில் ஒன்று, நாக்பூரில் இரண்டு என்று மூன்று முறை மாற்றினேன். உதறல் நின்றுவிட்டது. ஆனால் மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது எஞ்சின் கத்துவது முழுதாகப் போகவில்லை. 2024-இல் பெட்டியைப் பிரித்துக் கிளட்சுத் தட்டுகள் மாற்றினோம். பில் 1,35,000 ரூபாய். பிரித்த தட்டுகளைக் காட்டினார்கள். கருகியிருந்தன. அவை தொப்பூரிலும் அதற்கு முன்னாலும் கருகியவை. ஆயில் மருந்து இல்லை, பத்தியம். தேய்ந்ததை அது திரும்ப வளர்க்காது. உங்கள் வண்டி ஏற்கெனவே நழுவ ஆரம்பித்திருந்தால் முதலில் சோதனை, பிறகுதான் ஆயில். நன்றாக ஓடுகிற பெட்டியில் உரிய ஆயிலை உரிய அளவில் மாற்றினால் பெட்டி போகாது. செத்துக்கொண்டிருக்கிற நோயாளிக்குக் கடைசியில் வந்த டாக்டர் மேல் பழி போடுவது நம் வழக்கம்.

கணக்குப் பார்த்தேன். மூன்று தடவைக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு சுமார் 16,000 ரூபாய். வாங்கியபோதே இதைச் செய்திருந்தால் 1,35,000 அநேகமாக மிச்சம். பணத்தை விடுங்கள். பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்த அந்த மூன்று வாரம் மனைவி யாரையாவது எதிர்பார்த்தே நின்றாள். தெரியாத ஊரில் அவளுடைய சுதந்திரமே அந்தச் சாவியில்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் அப்பா காலத்தில் ஒரே மெக்கானிக். முப்பது வருடம் எங்கள் ஸ்கூட்டரை அவர்தான் பார்த்தார். எது எப்போது மாற்றியது என்பது அவர் தலையில் இருந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போபால், நாக்பூர், அடுத்தது எதுவோ. ஒவ்வொரு மாற்றலிலும் வண்டிக்குப் புது டாக்டர், கேஸ் ஷீட் கிடையாது. அதனால் கேஸ் ஷீட்டை நாம் வைத்திருக்க வேண்டும். ஒரு சாதாரண நோட்டு. தேதி, கிலோமீட்டர், ஆயிலின் குறியீடு, எத்தனை லிட்டர், பில். நாளைக்கு விற்கும்போது அந்த நோட்டையும் சாவியோடு கொடுங்கள். எனக்கு விற்றவர் அப்படி ஒன்று கொடுத்திருந்தால் தொப்பூரில் அந்த லாரிகளுக்கு முன்னால் நின்றிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்யும்போது "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்பார். அதை அப்படியே நம்பி வைத்துவிடுகிற பிள்ளைகள்தான் நாம் எல்லோரும். போன வருடம் அவருக்குச் சர்க்கரை இருப்பதே நாக்பூர் வந்து டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது. புகார் இல்லை என்பதும் நலம் என்பதும் ஒன்றல்ல. சொல்லத் தெரியாதவர்களுக்கும் சொல்ல வாயில்லாத பொருளுக்கும் நாம்தான் தேதி குறித்து வைக்க வேண்டும்.

இந்த ஞாயிறு ஒரு காரியம் செய்யுங்கள். டாஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். பிறகு மீட்டரைப் பாருங்கள்.

பி.கு.: கிரெடிட் கார்டு ‘லைஃப்டைம் ஃப்ரீ’ பற்றியும் எழுதச் சொல்லி மனைவி சொல்கிறாள். ஓய்வு பெற்றபிறகு எழுதுகிறேன் :-)